ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

எட்டு நாள் பயணத்துக்கு இவ்வளவு களைப்பு ஆகாது. ஊர் திரும்பி இரண்டு நாள் தூங்கி எழுந்தபின் குறிப்பேட்டைப் பிரித்து நாள்வாரியாக எழுதுகிறேன். நான் நிரலன் அல்லன், கல்லூரி நூலகன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் நூலகத்தில் கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருளை (யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம்) நிறுவ வந்த இளைஞர், பாதி வேலையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மீதிப் பாதியை நானே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து "உங்களுக்குக் கோஹா தெரியுமாமே" என்று யாராவது எங்கிருந்தாவது கூப்பிடுகிறார்கள். இந்த முறை கூப்பிட்டது யாழ்ப்பாணத்துக்கு அப்பால், வடமராட்சியில் ஒரு வாசிகசாலை. போகிற வழியில் கொழும்பில் நான்கு நாள் தங்கி, உலகமெல்லாம் சுற்றிவந்த மென்பொருள்களை எழுதியவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு: கொழும்பு

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கொஞ்சம் காசு மாற்றிக்கொண்டு 187ஆம் எண் பேருந்தில் ஏறினேன். கொழும்புக் கோட்டையை நெருங்கும்போது பதினொன்றரை மணி இருக்கும். சந்திப்பில் சாலை விளக்குகள் செத்துக் கிடந்தன. அடுத்த சந்திப்பிலும் அப்படியே. நடத்துநர் தொலைபேசியில் யாருடனோ பேசிவிட்டுச் சிங்களத்தில் எதையோ அறிவிக்க, பேருந்து முழுவதும் சிரித்தது. எனக்கு மட்டும் புரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "கரண்ட் இல்லை. கொழும்பில் இல்லை, கண்டியில் இல்லை, எங்கேயும் இல்லை."

வெள்ளவத்தையில் அறை நான்காம் மாடியில். லிஃப்ட் நின்றுவிட்டது. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருமுனை ஏ.டி.எம். கறுத்த முகத்தோடு நின்றது. கையில் இருந்தது நாலாயிரம் இலங்கை ரூபாய்; நம் கணக்கில் ஆயிரத்து இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. காற்று இல்லாத பகலில், எரிவாயு அடுப்பை நம்பித் திறந்திருந்த ஒரே கடையில் முட்டைக் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். 850 ரூபாய். இரண்டு தகடுகள் கல்லில் தாளம் போட, கடைக்காரர் வியர்வையைத் தோளில் துடைத்தபடி, "தம்பி, இண்டைக்கு எங்கட சத்தம் மட்டும்தான் கொழும்பில்" என்றார். உண்மைதான். வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை, தெரு நெடுக அந்தத் தகரத் தாளம்தான்.

பொழுது சாயும்போது மின்சாரம் வந்தது. காரணமும் வந்தது: கொழும்புக்குத் தெற்கே ஒரு துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்துவிட்டதாம். அமைச்சரே சொல்லியிருக்கிறார். விடுதிக்காரர் இதை மூன்றுமுறை சொல்லி மூன்றுமுறையும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. படுக்கும்போது ஏனோ, எங்கள் கல்லூரி நூலகச் சர்வரின் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது.

பிப்ரவரி 10, திங்கள்: கொழும்பு

பல்கலைக்கழகத்தை ஒட்டிய தேநீர்க்கடையில், சஹானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருளின் முதல் நாட்களில் வேலை செய்த ஒருவரைச் சந்தித்தேன். ஐம்பதைத் தாண்டியவர், சிங்களர். மெல்லிய குரலில், எதிரிலிருப்பவர் பேசி முடித்தபின் ஒரு மூச்சு விட்டுத்தான் பதில் சொல்வார். பிளேன் டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பள்ளிகளிலும் விகாரைகளிலும் கோயில்களிலும் ஒதுங்கினார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எந்த முகாமில் எதற்குத் தட்டுப்பாடு, எந்த அமைப்பு எங்கே எதைக் கொடுக்கிறது என்பதெல்லாம் தாள் தாளாகச் சிதறிக் கிடந்தது. "மென்பொருள் தேடினோம். அப்படி ஒன்று கடையிலேயே இல்லை. இருந்திருந்தால் வாங்கியிருப்போம், எழுதியிருக்க மாட்டோம்" என்றார். கொழும்பின் நிரலர்கள் விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்து, பி.எச்.பி.யிலும் மைஎஸ்கியூஎல்லிலும் சில வாரங்களில் எழுதியது சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு பிலிப்பைன்ஸ், ஜாவா, 2010இல் ஹைத்தி. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கான விருதைக் கொடுத்தது. பின்னாளில் பைத்தானில் திருப்பி எழுதப்பட்டது.

நான் கேட்க வந்தது வேறு. "இன்று அதில் வேலை செய்த உங்கள் நண்பர்கள் எங்கே?"

ஒரு மூச்சு விட்டார். மேசைமேல் சர்க்கரைத் துகள்களைக் கூட்டி வரிசையாக வைத்தபடி சொன்னார்: இவர் சிட்னியில், இவர் கலிஃபோர்னியாவில், இவர் இங்கேயே வங்கியில், இவரோடு பேச்சு விட்டுப்போயிற்று. ஆறு துகள்களில் கொழும்பில் நின்றவை இரண்டு.

விடைபெறும்போது அவரே இன்னொன்றையும் சொன்னார். நேற்று நான் வரிசையில் நின்ற அதே விமான நிலையத்தில், 2020 ஜனவரியில், வந்திறங்குபவர்களைக் கொரோனாவுக்காகப் பதிந்து தொடர்வதற்கு இலங்கையர்கள் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறமூலச் சுகாதாரத் தகவல் மென்பொருளை வளைத்தெடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் முளைத்து ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்வது அது. இங்கே அதைக் கையாண்டவர்களில் மருத்துவர்களே இருந்தார்கள்; கொழும்பில் மருத்துவர்களுக்கென்றே தகவலியலில் முதுகலைப் படிப்பு ஒன்று நடக்கிறது. கொழும்பில் தைத்த சட்டையை ஆஸ்லோ அளவெடுத்துப் பொதுவாக்க, பல டஜன் நாடுகள் போட்டுக்கொண்டன. "சட்டை" என்பது என் சொல். அவர் சொன்னது: "வாசலில் நோய் நிற்கும்போது டெண்டர் கோர முடியுமா?"

மாலையில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. குரங்கு வேலையால் அனல்மின் நிலையம் ஒன்றும் நின்றுபோனதாம். இன்றைக்கு அட்டவணை போட்ட இருட்டு, ஆகவே பழகிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்: மொறட்டுவை

காலி வீதியில் பேருந்து, வலப்பக்கம் விட்டுவிட்டுக் கடல். கட்டுபெத்தையில் இறங்கினால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். மாணவர்கள் உதவித்தொகை வாங்கித் திறமூல நிரல் எழுத, கூகுள் 2005இல் தொடங்கிய கோடைக்கால நிரல் திட்டத்தில், உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய கல்விநிலையம் என்ற பெயரைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது இதுதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் பின்னால் நின்றன. இதற்கு மாயமில்லை. அதே 2005இல் இந்த வட்டாரத்து ஆட்கள் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற நிறுவனம், திறமூல நிரலையே தொழிலாக வைத்து நடந்தது. அப்பாச்சி என்ற திறமூல அமைப்பின் திட்டங்களில் இலங்கைப் பெயர்கள் வரிசையாக வந்தன. மூத்தவன் போன வழியில் இளையவன் போனான். யார் யாருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும், முதல் திருத்தம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்று விடுதி அறைகளில் வாய்மொழியாக இறங்கிவந்த வித்தை அது.

சிற்றுண்டிச்சாலையில் ஐந்து மாணவர்கள். மூவர் தமிழர், இருவர் சிங்களர். சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஒரு துண்டு மீன். 300 ரூபாய். உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது; ஒருவன் எழுந்து போய்த் தயிர் வாங்கி வந்தான், கேட்காமலே.

திட்டத்தின் உதவித்தொகை 2017 முதல் நாட்டின் வாங்கும் திறனைப் பார்த்து மாறுகிறது. அமெரிக்க மாணவனுக்குக் கிடைப்பதில் பாதி இங்கே. "என் நிரலுக்கு வாங்கும் திறன் குறைவு இல்லையே அண்ணா" என்றான் மட்டக்களப்புக்காரன். அடுத்தவன் மறுத்தான். 2022இல் டாலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றறுபதுக்குத் தாவியபோது, அண்ணன் திட்டத்தில் வாங்கிய அந்தப் பாதிதான் எரிவாயு வரிசையில் நின்ற வீட்டைத் தாங்கியதாம். இருவரும் சரி. நான் தயிரைக் குடித்தேன்.

திட்டம் முடிந்தபின் அந்த நிரலுக்குத் திரும்பிப் போனவர் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவர் கை மட்டும் உயர்ந்தது, அதுவும் பாதி. இந்தியன் என்ற முறையில் உபதேசம் செய்ய வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் நினைவிருக்கிறதா?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்ற அந்த அக்டோபரில், விளக்கக் குறிப்புகளில் "அருமையான திட்டம்" என்று ஒரு வரி சேர்த்து எங்கள் ஊர்ப் பையன்கள் அனுப்பித் தள்ளியதில், உலகத்துத் திறமூல மென்பொருள் பராமரிப்பாளர்கள் கதறினார்கள். மூன்றாம் நாளே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. ஊதியமில்லாமல் ஒருவர் வைத்திருக்கும் கடைக்குள் ஆயிரம் பேர் நுழைந்து அலமாரியைத் தொட்டுவிட்டுப் போவதற்குப் பங்களிப்பு என்று பெயர் வைத்தால் அப்படித்தான்.

கிளம்பும்போது ஒருவன், தன் வீடும் வடமராட்சிதான் என்றான். "தங்கச்சி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். பைத்தான் தெரியும். வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் அம்மாவோடு சண்டை போடுவாள்." எண்ணைக் குறித்துக்கொண்டேன், பேருக்கு.

இன்று தைப்பூசம். இரவு வெள்ளவத்தைக் கோயிலில் கூட்டம். மின்வெட்டு நேரத்தில் தீபத்தட்டு மட்டும் வெளிச்சம் தர, யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். என்னுடையதைவிட நல்ல செருப்பு. திரும்பிப் போய்த் தேடினேன். அவரும் என்னுடையதோடு போய்விட்டார்.

பிப்ரவரி 12, புதன்: கொழும்பு

பௌர்ணமி. இங்கே அது போயா, பொதுவிடுமுறை. எனக்குத் தெரியாது. சந்திக்க ஒப்புக்கொண்டிருந்த அச்சகக்காரரும் அதை மறந்துதான் ஒப்புக்கொண்டாராம். மின்வெட்டுக்கும் இன்று விடுமுறை. பகல் முழுவதும் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்: ரயிலில்

1990இல் போரால் அறுந்த பாதை. 2014 அக்டோபரில்தான் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. இங்கே தமிழில் புகையிரதம் என்று எழுதியிருக்கிறார்கள். புகை இல்லாவிட்டாலும் அந்தச் சொல்லில் ஒரு வேகம் இருக்கிறது. மாகோ தாண்டியதும் வடைக்காரர் வந்தார். பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பித் தாளைச் சுருட்டி அதில் வடையும் வறுத்த மிளகாயும். என் தாளில் யாரோ ஒரு பிள்ளையின் சிங்களக் கையெழுத்து, சிவப்பு மையில் ஆசிரியரின் சரி. திறந்த மூலம் என்றால் இதுதான் என்று சொல்லத் தோன்றியது, சொல்ல ஆளில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா வவுனியாவில் இறங்கும்வரை மூன்று தோடம்பழங்களை உரித்து என்னிடமே கொடுத்தார். நான் எதற்காகப் போகிறேன் என்று கேட்டார். வாசிகசாலைக்குக் கணினியில் பட்டியல் போட என்றேன். "அது வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பிச் செய்வினம். பிறகு பூட்டிக் கிடக்கும்" என்றார். கசப்பில்லாமல், வானிலை சொல்வதுபோல்.

ஆனையிறவில் உப்பு வெளி வெள்ளையாகக் கண்ணைக் கூசியது. ஒன்றரை மணி தாமதம்.

பிப்ரவரி 14, வெள்ளி: வடமராட்சி

காலையில் பனி. கொழும்பு வியர்வைக்குப் பிறகு போர்வை தேவைப்பட்டது. பாண், சம்பல், சொதி. வெள்ளிக்கிழமையாதலால் வீடெல்லாம் மரக்கறி. கூழ் நாளைக்கு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வாசிகசாலையைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரே மாஸ்டர் என்கிறது. எழுபத்துநான்கு வயது, இஸ்திரி போட்ட வேட்டி. ஒன்பது ஆண்டுகளாகத் தன்னந்தனியாக 6,240 புத்தகங்களை எக்செல் தாளில் தட்டச்சு செய்திருக்கிறார். கணினி கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவர் அனுப்பியது. அதில் இருக்கும் இயங்குதளமும் மற்றவையும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

நான் வழக்கமான என் பேச்சைத் தொடங்கினேன். கோஹா முற்றிலும் இலவசம்...

"தம்பி, இஞ்சை எல்லாமே இலவசம்தான். ஐம்பது ரூபாய் சீடியில் முழு உலகமும் கிடைத்தது. பழுதானால் ஆர் வந்து திருத்துவினம், அதைச் சொல்லுங்கோ."

பதினைந்து ஆண்டுகளாக நான் மேடைகளில் முதலில் சொல்லிவந்த வரி அங்கே செத்தது. விலை கொடுக்காமல் எதையும் நகலெடுத்துக்கொள்ளும் ஊர்களில், விலையில்லை என்பது ஒரு சிறப்பே இல்லை. அதனால் வேறு வழியில் வந்தேன். 1999இல் நியூசிலாந்தின் ஹொரோஃபெனுவா என்ற சிறு வட்டார நூலகத்தில் இருந்த மென்பொருள், 2000 பிறந்தால் ஆண்டைத் தப்பாகக் கணக்கிடும் நிலை. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாமல் சொந்தமாக எழுதவைத்தார்கள்; 2000 ஜனவரி 3 அன்று ஓடத் தொடங்கியது. எழுதியதைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டார்கள். கோஹா என்பது மாவோரிச் சொல்; திருப்பிச் செய்ய வேண்டிய கடப்பாடு உள்ள அன்பளிப்பு. "எங்கள் பக்கம் மொய் என்போம்" என்றேன். மாஸ்டர் முகம் மலர்ந்தது. "அப்ப நாங்களும் எழுத வேணும்."

ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு அவருடைய காரணம் என்னுடையதைவிடப் பழையது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. மறுநாள் அங்கே போய்ப் பார்த்தவர் அவர். அதைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. "புத்தகம் போனாலும் போகட்டும். என்ன இருந்தது எண்ட பட்டியலாவது நாலு ஊரில் இருக்க வேணும்" என்றார். 2005இல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்க்கத் தொடங்கிய நூலகம் திட்டம், விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கியையே அடித்தளமாக எடுத்துக்கொண்டதும் இதே கவலையிலிருந்துதான் என்று நினைக்கிறேன். இவரிடமிருந்தும் இரண்டு பெட்டிப் பழைய சஞ்சிகைகள் மின்வருடலுக்குப் போய்வந்திருக்கின்றன.

தாளைத் திறந்தேன். அழகான தமிழ். எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். வயிறு கலங்கியது. எல்லாம் பாமினி. இலங்கைத் தமிழர் ஒரு தலைமுறைக்கு இந்த எழுத்துருவில்தான் கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடித்தார்கள். திரையில் "தமிழ்" என்று தெரியும். கணினிக்கு உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. "அம்மா" என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மாவே இல்லை.

பாமினியை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாக மாற்றித் தருவதற்குக் கட்டற்ற நிரல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கொம்பும் காலும் இடம்மாறுவதைக்கூட அவை பார்த்துக்கொள்ளும். தாளைக் காற்புள்ளி பிரித்த கோப்பாக்கி, ஒரு நிரலுக்குள் ஊற்றினேன். 6,240 வரிகளும் யூனிகோடில் வந்தன. பெருமையோடு மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இது என்ன பாஷை?" என்றார். இலங்கை வரலாறு பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் பெயர், எந்த வாயிலும் நுழையாத தமிழாகியிருந்தது. அப்படித் தொள்ளாயிரம் வரிகள். எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று சொல்லும் ஒரே அடையாளம் எழுத்துரு. கோப்பை மாற்றும்போது அந்த அடையாளத்தை நானே கழற்றி எறிந்திருந்தேன்.

பேருக்குக் குறித்த எண்ணைத் தேடினேன்.

பிப்ரவரி 15, சனி: வடமராட்சி

ஏழு மணிக்கே சைக்கிளில் வந்துவிட்டாள், இரண்டு தோழிகளோடு. "அங்கிள், அண்ணா சொன்னவர்." ஒரே வீட்டில் அண்ணன் என்னை அண்ணா என்கிறான், தங்கை அங்கிள் என்கிறாள். எதை நம்புவது?

பிரச்சினையைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. காற்புள்ளிக் கோப்பைத் தொடவே வேண்டாம், எக்செல் தாளையே திறந்து ஒவ்வொரு கட்டத்தின் எழுத்துருப் பெயரையும் படிக்கலாம் என்றாள். பைத்தானில் அதற்கு ஒரு நிரலகம் இருக்கிறதாம். மதியத்துக்குள் எழுபது வரி எழுதினாள். ஆங்கிலக் கட்டங்கள் அப்படியே நின்றன, தமிழ் தமிழாயிற்று. ஒரே கட்டத்துக்குள் தமிழும் ஆங்கிலமும் கலந்தவை 212. அவற்றுக்கும் நிரல் எழுதப் பார்த்து, அரைமணி நேரத்துக்குப் பிறகு, "கையால் செய்வது சுகம்" என்று மூவரும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எதை நிரலிடம் விடுவது, எதைக் கையால் முடிப்பது என்று தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பகல் மாஸ்டர் வீட்டில் ஒடியல் கூழ். மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி எல்லாம் ஒரே பானைக்குள். பிலாவிலையைக் கோலிக் குடிக்கச் சொன்னார்கள், சட்டையில் பாதி. மாஸ்டரின் மனைவி ஒன்றும் சொல்லாமல் ஒரு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

மாலையில் தரவை ஏற்றியாயிற்று. தேடினால் ஒன்றும் வரவில்லை. ஆங்கிலம் வருகிறது, தமிழ் வரவில்லை. இது எனக்குத் தெரிந்த பள்ளம். கோஹாவின் தேடுபொறியான ஜீப்ரா, முதலில் இருக்கும் அமைப்பில் ஐரோப்பிய எழுத்துகளுக்குத்தான் அட்டவணை கட்டும். மற்ற மொழி எழுத்துகளும் தெரிந்த ஐ.சி.யு. முறைக்கு மாற்றி அட்டவணையை மறுபடி கட்ட வேண்டும். எட்டு நாளில் என் புத்தி வேலைக்கு ஆன ஒரே இடம்! கட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிற்று. இது எந்த அட்டவணையிலும் இல்லாத, அந்தத் தெருவுக்கு மட்டுமான வெட்டு. மாஸ்டர் டார்ச் விளக்கோடு, "குரங்கு இஞ்சையும் வந்திட்டுதோ" என்றார். முக்கால் மணி கழித்துத் திரும்பக் கட்டினோம். பத்து நிமிடத்தில் முடிந்தது.

முதல் தேடலை மாஸ்டரே செய்தார். தன் ஆசிரியரின் பெயர். மூன்று புத்தகங்கள் வந்தன. அந்தப் பெயரில் எது குடும்பப்பெயர் என்று மென்பொருள் கேட்ட இடத்தில் நான் ஒரு புள்ளி போட்டு நகர்ந்திருந்தேன்; உலகத் தரங்களை வகுத்தவர்களுக்குத் தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் ஒரு சனம் இருப்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அவர் அந்தப் புள்ளியைக் கவனித்தார். "இதை ஆருக்கு எழுதிச் சொல்ல வேணும்?" என்றார். அந்தப் பெண் கோஹாவின் குறைகளைப் பதியும் இணையப் பக்கத்தைத் திறந்து காட்ட, ஒன்பது மணிவரை அவர் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மொய் எழுதுகிறார்கள் என்று வெளியே நின்ற என்னிடம் மாஸ்டரின் மனைவி சொன்னார். நேற்றைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கிளம்புமுன் சர்வரின் கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு மாஸ்டரிடம் கொடுத்தேன். வெளியிலிருந்து நான் உள்ளே வந்து பார்க்க ஒரு வழியையும் வைத்திருப்பதாகச் சொன்னேன். என்ன கெட்டாலும் கூப்பிடுங்கள். ஆனால் இது ஒருவர் மண்டையில் மட்டும் இருக்கக் கூடாது, குரங்கு ஏறிவிடும் என்று பெண்களிடமும் சொல்லிவைத்தேன். சிரித்தார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு: பலாலி

சிறிய விமான நிலையம், சென்னைக்குச் சிறிய விமானம். பெட்டியில் மாஸ்டர் கொடுத்த பனங்கட்டி, எடை கூடிவிட்டதால் கையில் நெல்லி ரசப் புட்டி. அதைப் பாதுகாப்புச் சோதனையில் குடிக்கச் சொன்னார்கள். முக்கால் லிட்டரை நின்றபடியே பாதி குடித்து, மீதியைச் சோதனைக்கார அம்மாவிடமே கொடுத்தேன். அவர் வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த முறை சின்னப் புட்டி" என்றார்.

ஏறுவதற்கு இன்னும் நாற்பது நிமிடம். பழக்கதோஷம், தொலைபேசியிலிருந்து வாசிகசாலைச் சர்வருக்குள் நுழையப் பார்த்தேன். அனுமதி மறுக்கப்பட்டது. விரல் தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தேன். மறுப்பு. மூன்றாம் முறை அடிக்கப் போகும்போது செய்தி வந்தது.

"அங்கிள், ஆரோ உள்ளே வரப் பார்க்கினம். நீங்களா? காலையில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம். மூன்று பேருக்கும் மாஸ்டருக்கும் மட்டும் தெரியும். உங்களுக்கு ஏதும் பார்க்க வேணுமெண்டால் சொல்லுங்கோ, நாங்கள் பார்த்துச் சொல்லுறம்."